சாவி ஒரு வீடு, ப்ளஷர் ஒரு வீடு

எங்கள் குடும்பத்தில் பேராசைக்காரர்கள் யாரும் இல்லை. சண்டை வந்ததே அதனால்தான்.

பாகம் பிரித்த அன்று வயலை அளந்தார்கள், கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தார்கள், தென்னையை ஆளுக்குப் பாதியாக எண்ணினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. கடைசியாகக் களத்தில் கார் நின்றது. தம்பிதானே ஓட்டுகிறான், அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றார் என் அப்பா குப்பண்ணன். மூத்தவர் இருக்கும்போது நான் வைத்துக்கொள்வது முறையல்ல, அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும் என்றார் சித்தப்பா. நீ வைத்துக்கொள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதை ஏறிக்கொண்டே போனது. பெரியவர்கள் என்று வந்திருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய இரும்பைத் தம்பி உன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அப்பாவின் காதில் ஒருவர் ஓதினார். அண்ணன் உனக்குப் பிச்சை போடுகிறார் என்று சித்தப்பாவின் காதில் இன்னொருவர் ஓதினார். சாயங்காலம் பார்த்தால் கார் சித்தப்பாவின் பங்கில் இருந்த கொட்டகையில் நிற்கிறது, சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

யானை ஒரு வீட்டில், அங்குசம் ஒரு வீட்டில் என்று எங்கள் ஊர் எலப்புள்ளியில் எங்களைக் கேலி பேசுவார்கள். கேலியில் தப்பொன்றும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கார் ஒரு அடி நகரவில்லை.

கார் என்று நான்தான் சொல்கிறேன். ஊரில் அதற்குப் பெயர் ப்ளஷர். அறுபது வருஷத்துக்கு முந்தைய வண்டி, கரும்பச்சை நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் ஏறித்தான் நானும் சித்தப்பா மகன் கோபிநாத்தும் பள்ளிக்கூடம் போனோம். சித்தப்பா ஓட்டுவார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார். தினமும் போகிற பாதைக்கு எதற்கு வழி என்று சித்தப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் நான் ஒருத்தி, அவர்கள் வீட்டில் கோபி ஒருவன். என்னைவிட ஒரு வயது சின்னவன். பெரியப்பா மகள், சித்தப்பா மகன் என்ற கணக்கெல்லாம் எங்களுக்குக் கிடையாது, அவன் என் தம்பி. பெரியவர்கள் பேசாமல் இருந்த காலம் முழுவதும் நாங்கள் கம்ப்யூட்டரில் வண்டி ஓட்டும் விளையாட்டுக்குள் பேசிக்கொண்டோம். அவன் ஒரு லாரி, நான் ஒரு லாரி. முன்னும் பின்னுமாக ஓட்டியபடி ஹெட்போனில் ஊர்க்கதை பேசுவோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான் என்றாலும் எங்களுக்கு அந்த விளையாட்டு ரோடுதான் பாதையாக இருந்தது.

அப்படி ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கோபி தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். தை மாதம் முகூர்த்தம். இணைச்சீருக்குப் பிரதீபாவைச் சொல்லியிருக்கிறார்கள் என்று இழுத்து இழுத்துச் சொன்னான். பிரதீபா சித்தியின் அக்கா மகள். அவளும் முறைக்கு அக்காதான். நான் லாரியை ஆற்றுக்குள் இறக்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் இல்லாமல் மாப்பிள்ளை தாலி கட்டப் போக மாட்டான். உடன்பிறந்தவள் கூறைச்சேலை வைத்த பேழையைத் தாங்கி நிற்க, அந்தச் சேலையின் ஒரு முனையை அவன் பிடித்திருப்பான். புதிதாக ஒருத்தி வந்தாலும் உனக்கும் எனக்கும் உள்ளது அறுந்துவிடாது என்று அவளுக்கு அவன் சொல்வது போல அது. கோபிக்கு அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். வேறு யார் நின்றாலும் எனக்குப் பொறுக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பாவிடம் பேச்செடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். கூப்பிடாத வீட்டுப் படியை நானாக ஏறவும் முடியாது. அன்றைக்கு எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆத்திரம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ப்ளஷரைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

நான் கோயமுத்தூரில் உள்ள ஒரு மரச்சாமான் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். அவர்கள் விற்கிற சோபா, கட்டில், பீரோவையெல்லாம் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. நாங்கள் லாரி ஓட்டும் அந்த விளையாட்டில் இல்லாத வண்டியை நாமே செய்து உள்ளே சேர்க்கலாம். மாட் என்பார்கள். பாலக்காட்டுப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் பஸ் பைத்தியங்கள், ஏதாவது ஒரு பஸ்ஸைச் செய்து அதற்கு ஏர்ஹார்ன் வைப்பதிலேயே ஆயுசைக் கழிப்பார்கள். நான் எங்கள் வண்டியை அச்சு அசலாகச் செய்யப் போகிறேன். அந்த இரண்டு பெரிய மனிதர்களையும் எப்படியாவது அதற்குள் ஒரு தடவை உட்கார வைக்க வேண்டும். உட்கார்ந்தால் வாயைத் திறப்பார்கள், வாயைத் திறந்தால் கல்யாணத்துக்கு முன்னால் என் காரியம் நடக்கும். இதுதான் என் திட்டம். நினைத்துப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

கோபி போட்டோ எடுத்து அனுப்பினான். கொட்டகைக்குள் முன்னால் நின்று, பின்னால் நின்று, படுத்துக்கொண்டு, பம்பரில் டேப்பைப் பிடித்துக்கொண்டு என்று எடுத்துத் தள்ளினான். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஒன்று தெரிந்துகொண்டேன். டயர் தரையில் பட்டு வீணாகக் கூடாது என்று சித்தப்பா வண்டியைச் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்தியிருந்தார். பக்கவாட்டு உலோகப் பட்டைகளில் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த மினுமினுப்பு இருந்தது. ஆனால் கண்ணாடி வழியாகத் தெரிந்த உள்பக்கம் முழுக்க ஒட்டடையும் தூசியும். சாவியைக் கேட்டு வாங்காமல் வெளியே குளிப்பாட்டிவிட்டு உள்ளே பட்டினி போட்டிருக்கிறாரே என்று திட்டிக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன்.

பானட்டின் வளைவுக்கே ஒரு வாரம் போனது. இந்தக் காலத்துக் கார்களைக் கோடு போட்டு வரைந்துவிடலாம். அந்தக் காலத்துத் தகடு எங்கே வளைய ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. வண்டியின் உருவமாக நான் பின்னிய கோட்டு வலையை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, வெளிச்சத்தை அதன் மேல் ஓடவிட்டுப் பார்ப்பேன். வெளிச்சம் எங்காவது உடைந்தால் அங்கே வளைவு தப்பு. இடது மட்கார்டில் இருந்த நசுங்கலையும் விடவில்லை. மழைத்தண்ணீர் வடிந்து பெயின்ட் வெளுத்த தடம் வரைக்கும் வைத்தேன்.

வெளிப்பக்கம் முடிந்ததும் சோதித்துப் பார்க்கக் கோபிக்கு அனுப்பினேன். வண்டி நம்முடையதுதான், ஆனால் கதவு சாத்துகிற சத்தம் யாருடையதோ என்றான். பிடித்துவிட்டான். அது ஏதோ புதுக் காரின் சத்தம். உள்பக்கத்து அளவும் என்னிடம் இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போனவளுக்கு முன் சீட்டின் முதுகுதான் ஞாபகம் இருந்தது.

இதே மாடல் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று மாட் செய்கிறவர்களின் குழுவில் கேட்டேன். காந்தலூரில் இருந்து ரிஜின் என்பவர் பதில் போட்டார். சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றிப் போவது அவர் தொழில், மலைப்பாதைகளை விளையாட்டுக்குள் கொண்டுவருவது அவர் பைத்தியம். உடுமலையில் இருந்து சின்னார், மறையூர் வழியாகக் காந்தலூர் போகும் ரோட்டை வளைவுக்கு வளைவு அவர் செய்து வைத்திருந்தது எனக்கு முன்பே தெரியும். அவருடைய அப்பா ஏசுதாஸ் எஸ்டேட்டில் லாரி ஓட்டியவர். ஊரைவிட்டுப் போன ஒரு மேனேஜரிடம் வாங்கிய அதே மாடல் வண்டியை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பாராம். வந்து அளந்துகொள்ளுங்கள் என்றார் ரிஜின்.

கிளம்பும்போது பீரோவில் விபூதி டப்பாவுக்குள் இருந்த எங்கள் சாவியையும் எடுத்துக்கொண்டேன். மாடலில் சாவி தொங்க வேண்டுமே, அதையும் அளந்து வரைய வேண்டும். எடுத்தது அம்மா மருதாத்தாளுக்கு மட்டும் தெரியும். அப்பா தினமும் டப்பாவைத் திறந்து பார்க்கிற ஆள், சாயங்காலத்துக்குள் வந்துவிடு என்றாள்.

காந்தலூரில் பனி இறங்கியிருந்தது. வண்டி பூண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. எங்கள் வண்டியின் அக்கா மாதிரி இருந்தது. கதவு பூட்டியிருந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏசுதாஸ் மறையூருக்குப் போய்விட்டாராம், மத்தியானம்தான் வருவாராம். அவ்வளவு தூரம் வந்து பனியில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல். படம் எடுக்கலாம் என்று எங்கள் சாவியை வெளியே எடுத்தேன். ரிஜின் கையை நீட்டினார்.

"அதக் குடுங்கக்கா."

"இது எங்கூட்டு வண்டிச் சாவிங்க."

"யாரு வீட்டுச் சாவியா இருந்தா என்ன? அறுபது வருசம் தேஞ்ச பூட்டுல்லா, எதப் போட்டாலும் தொறந்துரும். பழைய டிரைவர் எல்லாருக்கும் தெரிஞ்ச கததான்."

போட்டார், லேசாக ஆட்டினார், கதவு திறந்துகொண்டது.

அந்தக் குளிரிலும் என் காது சூடானது. விபூதி டப்பாவுக்குள் வைத்து அப்பா இத்தனை வருஷம் காவல் காத்தது எந்தக் கதவையும் பூட்டி வைக்காத ஒரு சாவி. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொன்று உறைத்தது. எங்கள் ப்ளஷரை இருபது வருஷம் ஓட்டியவர் சித்தப்பா. பழைய டிரைவர் எல்லாருக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வேலையை விடவில்லை. டாஷ்போர்டு, மிதி பலகை, சீட்டுத் தையல் எல்லாவற்றையும் அளந்தேன். கதவைத் திறக்கிற சத்தம், சாத்துகிற சத்தம், ஓங்கிச் சாத்துகிற சத்தம் என்று தனித்தனியாகப் பதிவு செய்தேன். ஏசுதாஸ் வந்ததும் சைலன்சருக்குப் பக்கத்தில் மைக்கைக் கட்டி என்ஜினை ஓட்டச் சொன்னேன். ஜெபம் பண்ணாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். என்ஜின் கிளம்பும் முதல் பதிவில் "ஏசப்பா, எறக்கத்துல கூட இரும்" என்று அவர் குரலும் சேர்ந்துகொண்டது. அதை வெட்டி எடுக்க எனக்கு மனசே வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியை டப்பாவில் போட்டதும் கோபியைக் கூப்பிட்டேன். உங்கள் அப்பாவுக்கு இந்த விஷயம் தெரியுமா, கேள் என்றேன். அவன் கேட்பது காதில் விழுந்தது. பிறகு போனில் வந்தது சித்தப்பாவின் குரல். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"தெரியும் அம்முணி. கரண்டிக் காம்ப உட்டாக்கூடத் தொறந்துக்கும்."

"அப்புறம் ஏனுங்க சித்தப்பா தொறக்கலை? உள்ள எல்லாம் பாழாப் போகுதுங்களே."

"சாவிய அண்ணன் வெச்சிருக்கறாரு. நானாத் தொறந்துட்டா அவரு வெச்சிருக்கறதுக்கு என்ன மரியாதை?"

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனைக் கோபியிடம் கொடுத்துவிட்டார். கோபித்துக்கொள்ள ஆள் தேடியே பழகியவள் நான். அன்றைக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் ஒரு வேலை செய்தேன். மாடலில் அப்பாவின் சாவியை வைக்கவில்லை. சிலுவை வளையம் போட்ட ஏசுதாஸின் சாவியை வைத்தேன். அந்தச் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் எங்கள் ப்ளஷரின் கதவு திறக்கும்படி செய்தேன். குசும்புதான், ஆனால் வேண்டுமென்றே செய்த குசும்பு.

பொங்கலுக்கு முந்தின வாரம் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஸ்டியரிங்கையும் மிதிகளையும் மாட்டி டிவியில் இணைத்தேன். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரையில் கரும்பச்சை வண்டி வந்து நின்றதும் அந்த முகம் தானாகத் திரும்பியது. பக்கத்தில் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். உட்கார்ந்தார்.

"நம்ம மட்கார்டு," என்றார் நசுங்கலைப் பார்த்து.

கதவைத் திறக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். திரையில் சாவி திரும்பியது, காந்தலூர்க் கதவின் சத்தத்தோடு எங்கள் கதவு திறந்தது. அப்பா வண்டியை எடுக்கவில்லை. திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு போனார்.

"அது நம்ம சாவி இல்லையே."

"இல்லீங்கப்பா. காந்தலூர்ல ஒருத்தரோடது. நம்ம சாவியும் அவரு வண்டியத் தொறக்குது. பூட்டு தேஞ்சு போனா எந்தச் சாவியும் தொறக்குமாமா."

"அப்ப அவன் எப்ப வேண்ணாலும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

சித்தப்பா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அண்ணன் வெச்சிருக்கறதுக்கு என்ன மரியாதை என்ற இடத்தில் அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அப்பா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார், பீரோவைத் திறந்து சாவியை எடுத்தார், செருப்பை மாட்டினார். வாய்க்கால் வரப்பில் இறங்கி நடந்தார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம்.

கல்யாண வீட்டுக்குச் சித்தப்பா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மட்டையைக் கீழே போட்டார். வாங்கண்ணா என்றார். அப்பா சாவியை நீட்டினார்.

"பூட்டு தேஞ்சது எனக்குத் தெரியாதுப்பா. இந்தா. வண்டி உன்னுது."

சித்தப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதெப்படிங்கண்ணா? மூத்தவரு இருக்கறீங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நாந்தான் சொல்றனல்ல, வெச்சுக்க."

"வேண்டாமுங்க."

"ஏன், நான் குடுத்தா வாங்க மாட்டயா?"

அப்பாவின் குரல் கெட்டியானது. சித்தப்பாவின் முகம் சுருங்கியது. களத்தில் நடந்த அதே நாடகம், அதே வசனம். இன்னும் இரண்டு பேச்சுப் போனால் இருவரும் ஆளுக்கொரு திசையில் திரும்பிவிடுவார்கள், தை மாதம் பேழை பிரதீபாவின் கையில் இருக்கும். என் பொறுமை அதோடு தீர்ந்தது.

"ரெண்டு பேரும் சித்த நிறுத்துங்க. உங்க ரெண்டு பேருக்கும் அது வேண்டாம். இணைச்சீருக்கு நிக்கறவளுக்குச் சீர் குடுக்கோணுமல்லங்க? எனக்கு இந்த ப்ளஷர் வேணும். ரெண்டு பேருமாச் சேந்து குடுங்க."

கத்திய பிறகுதான் என்னை யாரும் நிற்கச் சொல்லவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது நினைவிருந்தது. ஆனால் அந்தச் சீரை இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. உடன்பிறந்தவள் மாட்டைக் கேட்டால் மாடு, தோட்டத்தைக் கேட்டால் தோட்டம். கேட்டதைக் கொடுக்காமல் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் ஊர் காறித் துப்பும். பிரதீபாவுக்குச் சொல்லியாகிவிட்டதே என்று சித்தி வாசற்படியில் நின்று மெல்லச் சொன்னாள். சித்தப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தார்.

"சீருங்கண்ணா. இல்லேன்னு சொல்லப்படாது."

"நான் எங்கப்பா இல்லேன்னு சொன்னேன்?"

அப்பா சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். சித்தப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கைமேல் தன் கையை வைத்தார். துடைத்தும் போகாத சுண்ணாம்பு மூன்று பேர் கையிலும் ஒட்டியது.

"பிரதீபாகிட்ட நான் பேசிக்கறேன். உன்ற தம்பி கல்யாணம், நீ மொத நாளே வந்துரோணும் அம்முணி," என்றார் சித்தப்பா.

சரிங்க என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. உள்ளே இருந்து ஓடிவந்த கோபி என் கையில் இருந்த சாவியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், சிரித்தான். நிஜ ரோட்டில் உனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே அக்கா என்றான். சித்தப்பா பழக்கிவிடட்டும் என்றார் அப்பா. அண்ணன் இருக்கும்போது நான் எப்படி, அவரே பழக்கட்டும் என்றார் சித்தப்பா. இல்லை நீதான், இல்லை நீங்கள்தான் என்று இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டு நான் சித்தியோடு உள்ளே போனேன்.